கியர் இடிக்கிறதா? பேட்டரி வயரைக் கழற்றும் முன் ஒரு நிமிஷம்!

காலை ஒன்பது மணிக்கு மூலக்குளத்தில் கிளம்பி, ரெட்டியார்பாளையம் தாண்டி, இந்திரா காந்தி சிலை சந்திப்பு வரைக்கும் கார் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பஸ் நிற்கும், ஆட்டோ குறுக்கே வரும், ஸ்கூட்டர்கள் இரண்டு பக்கமும் நுழையும். இரண்டாவது கியரைத் தாண்டவே விடாத ரோடு அது. இடது கால் வலிக்குப் பயந்துதான் பாதிப் பேர் ஆட்டோமேட்டிக் காருக்கு மாறினார்கள். வாங்கிய இரண்டு மூன்று வருஷம் எல்லாம் சுகம். அப்புறம் ஒரு நாள், ஒன்றாம் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போது ஒரு இடி. மறுநாள் சிக்னலில் இருந்து எடுக்கும்போது ஒரு நடுக்கம். அடுத்த வாரம் மீட்டரில் மஞ்சள் விளக்கு.

சர்வீஸ் சென்டருக்குப் போனால் எவ்வளவு தீட்டுவார்களோ என்ற பயம். அதனால் முதலில் கை போவது போனுக்கு. அங்கே பதில் ரெடியாக இருக்கிறது: “பேட்டரி நெகட்டிவ் வயரை 15 நிமிஷம் கழட்டி வைங்க ப்ரோ, கியர்பாக்ஸ் ரீசெட் ஆகிடும்.” இன்னொரு வீடியோவில் சாவியை ஆன் செய்து, ஆக்ஸிலரேட்டரைப் பத்து செகண்ட் அழுத்திப் பிடித்து, ஆஃப் செய்யச் சொல்கிறார்கள். பைசா செலவில்லை. செய்து பார்த்தால் என்ன?

செய்து பார்ப்பதில்தான் சிக்கலே. ரீசெட் என்பது ரிப்பேர் இல்லை. சில சமயம் அது ரிப்பேருக்கான சாட்சியை அழிக்கும் வேலை.

ரீசெட் செய்தால் உள்ளே என்ன நடக்கிறது?

எந்த வகை ஆட்டோமேட்டிக் காராக இருந்தாலும் கியர்பாக்ஸுக்கென்று ஒரு சின்ன கம்ப்யூட்டர் உண்டு. எந்த வேகத்தில் எந்த கியர், எவ்வளவு அழுத்தத்தில் கிளட்சைப் பிடிப்பது, எப்போது விடுவது என்று முடிவு செய்வது அதுதான். அந்தக் கம்ப்யூட்டர் ஒரு தையல்காரர் மாதிரி. கடைக்கு வரும் ஆளின் அளவை நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறது. ஒரே மாடல் கார்தான் என்றாலும் ஒவ்வொரு கியர்பாக்ஸின் அளவும் கொஞ்சம் மாறும். ஓட ஓட கிளட்ச் தேயும், ஆயில் பழசாகும், ஸ்பிரிங் தளரும். தேயத் தேய அந்த அளவையும் திருத்தி எழுதிக்கொண்டே வரும்.

ரீசெட் என்றால் அந்த நோட்டில் உங்கள் பக்கத்தைக் கிழித்துப் போடுவது. கார் மறுபடியும் ஃபேக்டரி அளவில் இருந்து ஆரம்பிக்கும். அடுத்து ஓடும் கிலோமீட்டர்களில் புதிதாக அளவெடுக்கும். பழைய அளவு தப்பாகப் பதிந்திருந்தால் இது நல்ல வைத்தியம். ஆனால் துணியே கிழிந்திருந்தால்? எத்தனை தடவை அளவெடுத்தாலும் கிழிசல் கிழிசல்தான்.

ரீசெட் செய்ததும் “ஆஹா, சரியாயிடுச்சு” என்று தோன்றுவதற்கும் இதுவே காரணம். தேய்ந்த கிளட்சுக்கு ஈடுகட்டி ஈடுகட்டி, இனி திருத்தவே இடமில்லை என்ற எல்லைக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கும். அந்தக் கணக்கை அழித்தால் விளக்கு அணையும். சில நாள் வண்டி அமைதியாக ஓடவும் செய்யலாம். அந்தச் சில நாளில் கிளட்ச் இன்னும் தேய்ந்திருக்கும்.

நேர் எதிராகவும் நடக்கும். ஒன்றுமே பெரிதாக இல்லாத காரை ரீசெட் செய்துவிட்டு, முன்பைவிட மோசமாக இடிக்கிறதே என்று பதறுபவர்கள் உண்டு. அளவெடுத்து முடிக்கும் வரை புது தையல்காரர் கை அப்படித்தான் இருக்கும். கொஞ்ச தூரம் நிதானமாக, எல்லா கியரும் மாறுகிற மாதிரி ஓட்டினால் தணியும். பதறிப்போய் அன்றைக்கே இரண்டாவது ரீசெட் போடுவதுதான் தப்பு.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பல புதிய கார்களில் இந்த நோட்டு, கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்தில் இருக்கிறது. பேட்டரியைப் பதினைந்து நிமிஷம் இல்லை, பதினைந்து நாள் கழற்றி வைத்தாலும் கியர்பாக்ஸின் கணக்கு அப்படியே இருக்கும். அழிவது கடிகாரமும், ரேடியோ ஸ்டேஷன்களும், பவர் விண்டோவின் ஒன்-டச் வசதியும்தான். ஆக்ஸிலரேட்டர் அழுத்தும் வித்தையும் அப்படியே. சில பழைய மாடல்களுக்கு அது உண்மையான முறை. மற்றவற்றுக்கு வெறும் உடற்பயிற்சி.

ஏஎம்டி வேறு, டிசிடி வேறு

‘ஆட்டோமேட்டிக்’ என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவதால்தான் ஒரே வீடியோ எல்லா காருக்கும் பொருந்தும் என்று நினைக்கிறோம். பானட்டுக்குள் இருப்பது நாலு வேறு மெஷின்கள். டார்க் கன்வெர்ட்டர் வகை, ஆயில் அழுத்தத்தில் ஓடுவது. சிவிடி, பெல்ட்டும் புல்லியும். டிசிடி, இரண்டு கிளட்ச். நம்ம ஊர் ரோட்டில் சின்ன கார்களில் சகஜமாகப் பார்ப்பது நாலாவது வகையான ஏஎம்டி.

இந்தியாவில் இதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது 2014-இல் வந்த மாருதி செலெரியோ. அதற்கான கருவி மேக்னெட்டி மரெல்லி நிறுவனத்துடையது. உண்மையில் அது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸே இல்லை. சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். நம் இடது காலும் இடது கையும் செய்யும் வேலையை ஹைட்ராலிக் பம்பும் கருவிகளும் செய்கின்றன. அந்த மாதிரி கார்களில் டிரைவர் கதவைத் திறந்ததும் ‘உய்ங்’ என்று ஒரு சத்தம் கேட்குமே, அது பம்ப் அழுத்தம் ஏற்றிக்கொள்ளும் சத்தம்.

மேனுவல் கியர்பாக்ஸ் என்பதால், மேனுவல் காரில் கிளட்ச் என்ன பாடுபடுமோ அதே பாடு இதிலும் உண்டு. டிராஃபிக்கில் பிரேக்கை லேசாக விட்டு விட்டு நகர்த்திக்கொண்டே போவது, பாலத்து ஏற்றத்தில் பிரேக் போடாமல் ஆக்ஸிலரேட்டரிலேயே வண்டியை நிறுத்தி வைப்பது, இரண்டும் கிளட்சைத் தின்னும். அரும்பார்த்தபுரம் பாலத்தில் தினமும் இப்படி நிற்கும் ஒரு ஏஎம்டி காருக்கு, ஊருக்கு வெளியே ஓடும் அதே மாடல் காரைவிடச் சீக்கிரம் கிளட்ச் போனால் அது கம்ப்யூட்டர் தப்பில்லை.

கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்க ஆரம்பிக்கிறது என்ற அந்த ஒரு புள்ளிதான் ஏஎம்டியில் எல்லாம். புது கிளட்ச் செட் போட்டால் அந்தப் புள்ளி மாறிவிடும். அப்போது ஸ்கேனரை மாட்டி, கம்ப்யூட்டருக்குப் புது புள்ளியைக் கற்றுக்கொடுத்தே ஆக வேண்டும். கற்றுக்கொடுக்காமல் வண்டியை வெளியே விட்டால் புது கிளட்சும் இடிக்கும். ரீசெட் அவசியமான இடங்கள் இவைதான்: கிளட்சோ, அதை இயக்கும் கருவியோ, கம்ப்யூட்டரோ மாற்றிய பிறகு, கம்பெனி மென்பொருளைப் புதுப்பித்த பிறகு, சில மாடல்களில் கியர் ஆயில் மாற்றிய பிறகு. எல்லாமே ‘பிறகு’தான். முன்னால் ஒரு ரிப்பேர் நடந்திருக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியதும் பேட்டரிதான், ஆனால் கழற்றுவதற்காக இல்லை. பம்ப், மோட்டார், சோலனாய்டு எல்லாம் ஓடுவது அந்த 12 வோல்ட்டில். பேட்டரி சோர்ந்துபோனால் ஏஎம்டிதான் முதலில் முரண்டு பிடிக்கும். உப்புக்காற்று வீசுகிற கடலோர ஊரில் டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பது சாதாரணம். வயரைக் கழற்றி ‘ரீசெட்’ செய்து, திரும்ப மாட்டும்போது துடைத்து இறுக்கமாக மாட்டுகிறார்கள் பாருங்கள், சில கார்களில் குணமானது அதனால்தான். பெயர் வாங்கியது ரீசெட். பேட்டரி கடையில் வோல்டேஜ் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகாது. நன்றாக இருக்கும் பேட்டரி, வண்டி நிற்கும்போது 12.5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டும்.

‘நீங்க ஓட்டுற விதம் சார்’

கார் கம்பெனிகளின் கதைக்கு வருவோம். இந்த விவகாரத்தில் வாடிக்கையாளர் ஏன் உஷாராக இருக்க வேண்டும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு வழக்கே இருக்கிறது.

ஃபோர்டு நிறுவனம் ‘பவர்ஷிஃப்ட்’ என்ற டபுள் கிளட்ச் கியர்பாக்ஸை ஃபியஸ்டா, ஃபோகஸ், எகோஸ்போர்ட் கார்களில் கொடுத்தது. கிளட்ச் ஆயிலில் மூழ்காத ‘டிரை’ வகை. ஆஸ்திரேலியாவில் இந்த கியர்பாக்ஸோடு விற்றவை சுமார் 70,000 கார்கள். அதில் ஏறக்குறைய பாதி, ஒரு தடவையாவது இதே கியர்பாக்ஸுக்காக சர்வீஸுக்குப் போனது. நடுங்குகிறது, இடிக்கிறது, இழுக்கவில்லை என்று புகார் சொன்னவர்களுக்குப் பல இடங்களில் கிடைத்த பதில், நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம் என்பது. பிரச்சினை கியர்பாக்ஸில் இருப்பது கம்பெனிக்குத் தெரிந்திருந்தும் அப்படிச் சொன்னார்கள் என்று அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் கோர்ட்டுக்குப் போனது. 2018 ஏப்ரலில் ஃபெடரல் கோர்ட் ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது.

இது எங்கோ நடந்த கதை மாதிரி தெரியலாம். அதே பவர்ஷிஃப்ட் வகையைப் போட்டு ஃபியஸ்டாவும் எகோஸ்போர்ட்டும் நம் பக்கத்து மறைமலைநகர் ஃபேக்டரியில் இருந்து வெளிவந்தவை. 2017 இறுதியில் எகோஸ்போர்ட்டைப் புதுப்பித்தபோது ஃபோர்டு அந்த டபுள் கிளட்சைக் கைவிட்டு, டார்க் கன்வெர்ட்டருக்கு மாறியது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பையே நிறுத்துவதாக அறிவித்தது. பழைய எகோஸ்போர்ட் ஆட்டோமேட்டிக்கை செகண்ட் ஹேண்டில் வாங்க நினைப்பவர்கள் தயாரிப்பு வருஷத்தை இரண்டு தடவை பார்ப்பது நல்லது.

வோக்ஸ்வேகன் கதை புதுச்சேரி வெயிலுக்கு இன்னும் பொருத்தம். அதன் 7 கியர் டிஎஸ்ஜி டிரை கிளட்ச் பெட்டி பற்றி சீன அரசுத் தொலைக்காட்சி 2013 மார்ச்சில் நிகழ்ச்சி போட்டது; சில நாட்களிலேயே அங்கே 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தது கம்பெனி. அதே வருஷம் நவம்பரில் உலக அளவில் 16 லட்சம் கார்களுக்கு அழைப்பு. காரணம், உள்ளே ஊற்றிய சிந்தெடிக் ஆயில். வெப்பமும் ஈரப்பதமும் அதிகமான ஊரில், நின்று நின்று போகும் டிராஃபிக்கில், அந்த ஆயிலால் மின்பகுதியில் கோளாறு வரலாம் என்று கம்பெனியே சொன்னது. தீர்வு? மினரல் ஆயிலாக மாற்றிக் கொடுத்தார்கள். அந்தக் கார்களில் யாராவது வீட்டு வாசலில் நின்று நூறு தடவை ரீசெட் செய்திருந்தாலும், உள்ளே இருந்தது அதே ஆயில்தான்.

மென்பொருளே குற்றவாளியாக இருக்கும் கேஸும் உண்டு. அப்போது கம்பெனி புது மென்பொருளை ஏற்றித் தர வேண்டும். பழசையே அழித்து பழசையே மறுபடி ஆரம்பிக்க வைப்பதால் பயனில்லை.

அழித்தது யார், எப்போது?

வாரன்டியில் இருக்கும் காரை வீட்டிலேயே ரீசெட் செய்யக் கூடாது என்பதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. கோளாறு நடந்த நொடியில் கம்ப்யூட்டர் ஒரு கோடு எழுதும். பல கார்களில் அந்த நொடியின் வேகம், இன்ஜின் சூடு எல்லாவற்றையும் சேர்த்துப் பதியும். ஷோரூம் மெக்கானிக் காரை ஓட்டிப் பார்க்கும் பத்து நிமிஷத்தில் இடி வராமல் போகலாம். வாடிக்கையாளர் சொல்வது உண்மை என்று காட்ட இருக்கும் ஒரே சாட்சி அந்தக் கோடுதான். அதையும் அழித்துவிட்டுப் போய் நின்றால், “வண்டில ஒண்ணும் காட்டலையே சார்” என்ற பதிலுக்கு மேல் பேச முடியாது.

இதே வேலையை சர்வீஸ் சென்டரும் செய்யும். “ஸ்கேன் போட்டு எர்ரர் கிளியர் பண்ணியாச்சு, ஓட்டிப் பாருங்க.” ஜாப் கார்டில் ‘ரீசெட் செய்யப்பட்டது’ என்று ஒரு வரி, பில்லில் ஒரு தொகை. என்ன கோடு இருந்தது, ஏன் வந்தது, என்ன சரிசெய்தார்கள் என்று எதுவும் இல்லை. மூன்று மாசத்தில் மூன்று தடவை இதே நடக்கும். நாலாவது தடவை போகும்போது வாரன்டி முடிந்திருக்கும். எல்லா இடத்திலும் இது சூது என்று சொல்ல முடியாது. வரிசையில் இருபது வண்டி நிற்கும்போது, விளக்கை அணைத்து அனுப்புவது சுலபமான வழி. ஆனால் அந்தச் சுலபத்துக்கான விலையைக் கொடுப்பது கார் வைத்திருப்பவர்.

அதனால் அழிப்பதற்கு முன் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வாங்க வேண்டும். பிரிண்ட் இல்லையென்றால் ஸ்கிரீனை போட்டோ எடுத்தாலும் போதும். ‘ஒன்றிலிருந்து இரண்டு மாறும்போது இடிக்கிறது, இன்ஜின் சூடான பிறகு’ என்று புகாரை முழு வாக்கியமாக ஜாப் கார்டில் எழுதச் சொல்ல வேண்டும். ‘கியர் பிராப்ளம்’ என்று இரண்டு வார்த்தையில் எழுதியதை வைத்து யாரும் எங்கேயும் வாதாட முடியாது. இதெல்லாம் வம்பு பிடித்த கஸ்டமர் செய்யும் வேலை என்று நினைக்கத் தேவையில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தால் ஃபிலிமைக் கேட்டு வாங்காமல் யாராவது வருகிறார்களா?

பேச்சு வார்த்தையில் தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரூ.50 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். தயாரிப்புக் கோளாறு என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தம் கார்களைத் திரும்ப அழைக்கச் சொல்லும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. ஒரே மாதிரி புகார்கள் எத்தனை பதிவாகின்றன என்பதை வைத்துத்தான் அது நகரும். ஆளாளுக்கு வாசலில் பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருந்தால் அந்த எண்ணிக்கை ஏறவே ஏறாது.

லோக்கல் ஷெட் அண்ணனால் ஏன் முடியவில்லை?

வில்லியனூர் பக்கமோ பாகூர் பக்கமோ இருக்கும் சின்ன ஷெட்டுகளில் கை தேர்ந்த மெக்கானிக்குகள் உண்டு. கிளட்சை இறக்கி ஏற்றுவது அவர்களுக்கு அரை நாள் வேலை. ஆனால் கடைசியில் கம்ப்யூட்டருக்குப் புது அளவைக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் நின்றுவிடுவார்கள். அந்த மென்பொருள் கம்பெனி கையில். சாதாரண ஸ்கேனர் கோடைப் படிக்கும், அழிக்கும், கற்றுக்கொடுக்காது. ‘அழிச்சு விட்டாச்சு, ஓட்டிப் பாருங்க’ என்று அந்த அண்ணன் சொல்வது, அவரிடம் இருக்கும் கருவியில் அதுதான் முடியும் என்பதால்.

இது திறமைப் பிரச்சினை இல்லை, அனுமதிப் பிரச்சினை. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-இல் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் ரூ.2,544 கோடி அபராதம் விதித்ததே இதற்காகத்தான். உதிரி பாகங்களையும், கோளாறு கண்டறியும் கருவிகளையும், தொழில்நுட்பக் கையேடுகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடாமல் வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அவற்றைத் திறந்துவிடச் சொன்னது ஆணையம். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள், வழக்கு இழுத்தது. 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’ என்று குழு அமைத்தது, டிசம்பரில் அதற்கென்று இணையதளமும் திறந்தது. கார்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனாலும் மூலக்குளத்தில் இருந்து ஒரு ஏஎம்டி கிளட்சுக்குப் புது புள்ளியைச் சொல்லித்தர வேண்டுமென்றால், இன்றைக்கும் போக வேண்டியது பெரும்பாலும் கம்பெனி சர்வீஸுக்குத்தான்.

வெள்ளத்தில் நின்ற கார்

கடைசியாக, புதுச்சேரிக்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று. 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், ஒரே நாளில் புதுச்சேரியில் சுமார் 48 செ.மீ. மழையைக் கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. தண்ணீரில் எத்தனை கார் நின்றது என்பதை அன்றைக்குத் தெருவில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

கியர்பாக்ஸின் மேலே காற்று போய்வர ஒரு சின்ன துவாரம் இருக்கும். தண்ணீர் அந்த உயரத்தைத் தாண்டினால் உள்ளே இறங்கும். ஆயிலோடு கலந்து பால் மாதிரி வெளுக்கும். கம்ப்யூட்டர் கனெக்டரில் புகுந்த தண்ணீர் உடனே காட்டாது. மாசக்கணக்கில் துருவாக வளரும். அப்படி ஒரு காரைக் கழுவி, சீட்டை மாற்றி, கோடுகளை அழித்துவிட்டால், வாங்க வருபவர் ஓட்டிப் பார்க்கும் இரண்டு கிலோமீட்டருக்கு வண்டி பட்டுப்போல் ஓடும். ரீசெட்டுக்கு இப்படி ஓர் உபயோகமும் உண்டு.

வாங்குபவரிடமும் ஒரு ஆயுதம் இருக்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் ஓபிடி கருவியை ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகி, போனில் ஆப்பைத் திறந்தால், பல கார்களில் ‘கோடுகளை அழித்த பிறகு ஓடிய தூரம்’ என்று ஒரு எண் வரும். 40,000 கிலோமீட்டர் ஓடிய கார். விற்பவர் எந்தப் பிரச்சினையும் வந்ததே இல்லை என்கிறார். அந்த எண் மட்டும் 12 கிலோமீட்டர் என்று காட்டுகிறது. அதற்கு நியாயமான காரணமும் இருக்கலாம். நேற்றுதான் சர்வீஸ் முடித்திருக்கலாம். அப்படியானால் பில்லைக் காட்டச் சொல்லலாம். பில் வரும் வரை அட்வான்ஸ் கொடுக்காமல் இருப்பதற்குக் காசு ஒன்றும் ஆகாது.